பத்தொன்பது மீன்களும் ஒரு வெள்ளை ஸ்பாஞ்சும்

இருபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது. குமிழி என்கிறவன் கட்ட வேண்டிய தொகை அது. தாளில் எண்ணாகவும் எழுத்தாகவும் இரண்டு தடவை போட்டிருந்தது, ஒரு தடவை போட்டால் வலிக்காது என்பது போல.

தாளை நான்தான் படித்தேன். மீட்டரக்காவின் மூக்குக் கண்ணாடி எப்போது கேட்டாலும் வேறொரு இடத்தில் இருக்கும். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்தொன்றாவது வயதில். இன்னமும் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறேன்.

"தே... வதை... மீன். ஆறு. ஒன்று இர... இரண்டாயிரத்து நானூறு வீதம். நீ... லக்... கோட்டு மீன். பத்து. வாள்... வால் மீன். மூன்று."

"ஆக மொத்தம் செத்தது பத்தொன்பது உசிரு," என்றார் அக்கா.

"இந்த விலைக்கு அதுங்க பாட்டாவது பாடியிருக்கணும்," என்றேன்.

குமிழி சிரிக்கவில்லை. தையல் கடையின் பின்னறைதான் எங்கள் ஆபீஸ். இஸ்திரிப் பெட்டியின் சூடு சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அவன் துணி மூட்டை மேல் உட்காராமல் நின்றான். நாலைந்து தெருவுக்கு மீன் தொட்டி பராமரிக்கிறவன். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் நீல டிரம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவான். பேசும்போது வாயோரம் ஒரு குமிழி வந்து உடையும். அதனால் அந்தப் பேர்.

"நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள பணம் வரலைன்னா வண்டிய நிறுத்திட்டுப் போகச் சொல்லிட்டாருக்கா பல் டாக்டர். வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிட்டார். மீனுக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்புன்னு."

"படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டே?"

"போட்டப்புறம் படிச்சேன்க்கா."

"நல்ல பழக்கம்," என்றேன். "நானும் சாப்பிட்டு ஏப்பம் விட்டப்புறம்தான் விலை கேட்பேன்."

"ஏணி, நீ தாளைப் படி," என்றார் அக்கா. எங்கே போனாலும் ஏணியோடு போகிறவன் என்பதால் ஊர் எனக்கு வைத்த பேர் ஏணி. மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, குழாய் மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, எல்லாம் செய்வேன். வேலை இல்லாத நாளில் அக்காவுக்குக் கைத்துணை.

தாளின் அடியில் விலாசம் இருந்தது. "பல் மருத்துவமனை, மூன்றாம் குறுக்குச் சந்து, பழைய அச்சகத்துக்கு எதிர்ப்புறம்," என்று படித்துத் தாளை மேசை மேல் வைத்தேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை மடித்தார்.

இருபத்தாறு வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அவர். யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டில் கண்ணீர் ஒழுகுகிறது, இரண்டுமே அவருக்குக் கொல்லைப்புறத்திலிருந்து தெரியும். ஓய்வு பெற்றபிறகு அந்தக் கண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் துப்பறிகிற இந்தத் தொழிலுக்கு வந்தார்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் காட்ட எனக்குத் தெம்பு இல்லை.

அந்த வீட்டு மாடித் தொட்டியைப் பதினெட்டு நாள் முன்னால் கழுவியது நான். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி வடித்து, மறுபடி ஒரு தடவை நிரப்பி வடிக்க வேண்டும். இரண்டு வடிப்புக்கும் சேர்த்து அறுநூறு பேசி, அறுநூறும் வாங்கினேன். ஒரு தடவைதான் வடித்தேன். முதுகு விட்டுப் போயிருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, யாரும் மாடிக்கு வந்து பார்க்கவில்லை. காரணம் மூன்று இருக்கிறது, ஒன்றுகூட நிற்காது.

அந்தத் தண்ணீர்தான் குழாயில் வரும். அதைத்தான் மீன் தொட்டிக்கும் ஊற்றியிருப்பார்கள். பத்தொன்பது மீன்.

"கிளம்பு," என்றார் அக்கா. "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"மீன் விலையைக் கேட்ட அதிர்ச்சிக்கா."

*

கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே வீடு. குமிழி வாசல் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அவன் எதிர்ப்பக்கம் அச்சகத்து நிழலில் வண்டியோடு நின்றுகொண்டான். நாங்கள் பக்கவாட்டுப் படியேறினோம். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டேன்.

டாக்டரம்மாதான் கதவைத் திறந்தார். டாக்டரின் மனைவி. மீட்டர் பார்க்க வந்த காலத்திலிருந்தே அக்காவைத் தெரியும் அவருக்கு.

"வாங்கக்கா. அவர் கீழ பேஷன்ட் பார்த்துட்டிருக்கார். ஒரு மணிக்குத்தான் மேல வருவார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரை எங்கயோ பார்த்திருக்கேனே."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும்," என்றேன். "ரொம்ப மலிவான மூஞ்சி."

ஹாலில் சுவரோரம் நாலு அடி நீளத் தொட்டி. உள்ளே பச்சைச் செடி, வெள்ளை மணல், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரல் விட்டுப் பார்க்கத் தோன்றுகிற அளவுக்குத் தெளிவு. இருபத்து நாலில் மிச்சம் ஐந்து. ஐந்தும் மேலே, குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி விழுகிற மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பஸ் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்கிற மாதிரி நெரிசல். மற்ற இடமெல்லாம் காலி.

"மூக்கை வெளிய நீட்டுது பாரு," என்றார் அக்கா. "உள்ள ஏதோ புடிக்கலை அதுங்களுக்கு."

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கேக்கா," என்றார் டாக்டரம்மா.

"பளிங்கு மாதிரி இருக்கிறவங்க எத்தனை பேரைப் பார்த்தாச்சு."

மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு மீன் ஒன்றை டாக்டரம்மா காட்டினார். பேர் சப்பி. கண்ணாடியைச் சப்பிக்கொண்டே இருக்கும். "தொட்டியே என் பொண்ணோடதுதான். படிக்க வெளியூர் போயிருக்கா. நாளைக்குச் சாயங்காலம் வர்றா. இன்னும் அவளுக்குச் சொல்லலை. தினமும் போன்ல சப்பி எப்படி இருக்குன்னு கேட்பா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வெச்சுடுவேன்."

அக்கா ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டு என்னிடம் கொடுத்தார். "கீழ போய்க் குமிழிகிட்ட கொடு. அவன் சொல்றதை அப்படியே வந்து சொல்லு. உன் சரக்கைச் சேர்க்காதே."

குமிழி வண்டி சீட்டின் மேலேயே கடை விரித்தான். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, இரண்டு குப்பியிலிருந்து எண்ணி எண்ணிச் சொட்டு விட்டான். "மஞ்சளா இருந்தா நல்லதுண்ணே. பச்சை வரக் கூடாது."

நான் வேண்டாத கடவுள் இல்லை. எந்த நிறத்துக்கு வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் குழாய் முருங்கை இலை நிறத்துக்கு வந்தது. குமிழியின் முகம் விழுந்துவிட்டது.

"அண்ணே, இது மீன் தொட்டி இல்லை. கக்கூஸ். அதுங்க கழிச்ச கழிவு அப்படியே விஷமா நிக்குது."

"தொட்டியில கழிவு எப்பவும் இருக்கும்தானே? ரெண்டு வருஷமா அதுலதானே இருந்துச்சு?"

"இருக்கும். ஆனா வடிகட்டி ஸ்பாஞ்சுல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க குடியிருக்கும். பாசி மாதிரி வழவழன்னு. அதுங்க அந்த விஷத்தைத் தின்னுடும். அதனாலதான் நான் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணில கழுவவே மாட்டேன். தொட்டித் தண்ணியை ஒரு வாளியில எடுத்து, அதுலயே லேசா அலசுவேன். குழாய்த் தண்ணில வர்ற மருந்து அந்தப் பூச்சியைக் கொன்னுடும்."

குழாய்த் தண்ணீரில் வருகிற மருந்து. பிளீச்சிங் பவுடர் வேறென்ன.

"தண்ணி மாத்தும்போது என்ன பண்ணுவே?" என்றேன்.

"மருந்தை முறிக்கிற சொட்டு விட்டுத்தான் ஊத்துவேன். ஏன்ண்ணே வேர்க்குது உங்களுக்கு?"

"படி ஏறி இறங்கினேன்."

"மாடிக்கு ஏணி போட்டு ஏறுற ஆளு நீங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறினேன்.

*

மேலே போனபோது அக்காவும் டாக்டரம்மாவும் சமையலறை வாசலில் நின்றிருந்தார்கள். டாக்டரம்மாவின் கண் சிவந்திருந்தது.

"நான்தான்க்கா கொன்னேன்," என்றார். "ஒரு வேளைதான் தீனி போடணும்னு பொண்ணு சொல்லியிருந்தா. அதுங்க கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்து பார்க்கும். மனசு கேக்காது. மதியமும் ஒரு சிட்டிகை, ராத்திரியும் ஒரு சிட்டிகை ரொட்டித் தூள் போட்டேன். இவர்கிட்டகூடச் சொல்லலை."

"எப்பலேர்ந்து?"

"தொட்டி வந்த நாள்லேர்ந்து. ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம் தின்னு சாகாத மீனு, போன வெள்ளிக்கிழமை திடீர்னு உங்க ரொட்டித் தூளை நினைச்சுக்கிட்டுச் செத்துச்சா?" என்றார் அக்கா. "கண்ணைத் துடைங்க. வேற யாரு இந்தத் தண்ணியில கை வெச்சாங்க? மூணு வாரத்துக்குள்ள."

டாக்டரம்மா யோசித்தார். "யாரும் இல்லையே. மாடித் தொட்டி கழுவ ஒரு ஆள் வந்தார். அப்புறம் மூணு நாள் தண்ணியில ஒரே மருந்து வாடை. டீயைக்கூட வாயில வைக்க முடியலை."

நான் தொட்டியில் நீந்துகிற மீன்களை எண்ண ஆரம்பித்தேன். ஐந்துதான். ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"அந்த ஆளைக் கடைசியில பார்ப்போம்," என்றார் அக்கா. "எங்க போயிடப் போறாரு."

அதன்பிறகு தொட்டிக்கு அடியில் இருந்த மர அலமாரியைத் திறந்தார். உள்ளே வாளி அளவு வடிகட்டி டப்பா. குமிழியின் நோட்டும் அங்கேயே ஆணியில் தொங்கியது. நான் கூட்டிப் படித்தேன். மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு, வடிகட்டி அலசல், தொட்டித் தண்ணீரில் மட்டும். கடைசியாக எழுதியது போன மாதம். அடுத்த முறை வரும் ஞாயிறு. புது ஸ்பாஞ்ச் வாங்கியதாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

"மூடியைத் திற," என்றார் அக்கா.

திறந்து ஸ்பாஞ்சை வெளியே எடுத்தேன். வெள்ளை. கடையில் தொங்குகிற பனியன் மாதிரி வெள்ளை. ரெண்டு வருஷம் கழிவு குடித்த ஸ்பாஞ்ச் அப்படி இருக்காது. அதோடு, அது உட்காருகிற பள்ளத்துக்கும் அதற்கும் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"சின்னதா வாங்கிட்டாங்களோ?" என்றார் டாக்டரம்மா.

"வாங்கலை," என்றார் அக்கா. "சுருங்கியிருக்கு. கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணில போட்டா என்ன ஆகும்?"

"என் தம்பி சட்டை அவன் பையனுக்கு ஆகும்," என்றேன்.

"அதேதான். இதை யாரோ அவிச்சிருக்காங்க. வீட்டு அடுப்புல வெச்சா இப்படிச் சீரா சுருங்காது, ஓரம் கருகும். இது பதமா வெந்திருக்கு." அலமாரித் தரையைக் கையால் துழாவினார். "ஏணி, உன் கண்ணு நல்ல கண்ணு. மூலையில என்ன?"

மூலையில் ஒரு காகிதப் பட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. ஒட்டுப் பட்டை. சுண்டு விரல் நீளம். வெளிர் பழுப்புக் காகிதத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள். நகத்தால் கிழித்து எடுத்தேன். எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். கோடு மட்டும்தான்.

டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. வீட்டில் அப்படி ஒன்று கிடையாது என்றார்.

"வீட்டுல இல்லை," என்றார் அக்கா. பட்டையை என் சட்டைப் பையில் போட்டார். "ஏணி, உனக்குப் பல் வலிக்குது."

"வலிக்கலையே."

"வலிக்கும். கீழ போ."

*

நல்லவேளை, மாடித் தொட்டி வேலையைப் பேசியதும் கூலி கொடுத்ததும் டாக்டரம்மா. டாக்டர் என்னைப் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் படுத்து வாயைப் பிளந்தபோது அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

டாக்டர் உயரமான, சுத்தமான மனிதர். கையுறை மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கை கழுவினார், மாட்டியபிறகு ஒரு தடவை கழுவினார். எனக்குக் கண் முழுக்க தட்டின் மேல். கருவிகளை எல்லாம் துணியில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் வாயிலும் ஒரு காகிதப் பட்டை. வெளிர் பழுப்பு. சாய்வாகக் கறுப்புக் கோடு.

"அது என்ன சார் கோடு?" என்றேன். பேசியது 'அது அன்ன ஆர் ஓடு' என்று வந்தது.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குப் புரிந்தது. அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் போல. "ஆவிப் பெட்டிக்குள்ள போகும்போது கோடு வெளுப்பா இருக்கும். நல்லா வெந்தா கறுப்பாயிடும். கறுத்திருந்தா ஒரு கிருமிகூட மிஞ்சலைன்னு அர்த்தம்."

"எங்க கிட்ட எல்லாமே ஆவியில வெந்துதான் வெளிய வரும்," என்றார் டாக்டர், கண்ணாடிக் குச்சியை என் கன்னத்துக்குள் விட்டபடி. பெருமையாகத்தான் சொன்னார். பிறகு நின்றார். "அடப்பாவமே. கடைவாய்ல ஒண்ணு உள்ளயே அழுகியிருக்கு. வெளிய பார்த்தா தெரியலை. எத்தனை நாளா மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"பதினெட்டு நாளா," என்றேன்.

சொல்லியபிறகுதான் எதைப் பற்றிக் கேட்டார் என்று உறைத்தது.

"பதினெட்டு நாள் இல்லை, பதினெட்டு மாசம் இருக்கும் இது. திங்கட்கிழமை வாங்க, எடுத்துடலாம். விட்டா பக்கத்துப் பல்லும் போகும்."

*

ஒரு மணிக்கு டாக்டர் மேலே வந்தபோது ஹாலில் என்னையும் அக்காவையும் பார்த்து நின்றார்.

"இவர் என் பேஷன்ட் ஆச்சே."

"என் ஆளும்தான்," என்றார் அக்கா. "குமிழிக்காக வந்திருக்கோம் டாக்டர்."

டாக்டரின் முகம் இறுகியது. "அதுல பேச ஒண்ணும் இல்லைம்மா. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்து தண்ணியை மாத்திட்டுப் போறதுக்கு மாசா மாசம் பணம் வாங்கறான். ஒழுங்கா ஒரு ஸ்பாஞ்சைக் கழுவக்கூட மாட்டான். என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஸ்பாஞ்சைக் கழுவ மாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வடிகட்டி டப்பாவைத் திறந்தாத்தானே தெரியும்?"

டாக்டர் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைப் பார்த்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து பட்டைத் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். பக்கத்தில் வெள்ளை ஸ்பாஞ்சை வைத்தேன். நீதிமன்றத்தில் கத்தியும் துணியும் வைப்பது போல இருந்தது, நான் பார்த்திராவிட்டாலும்.

டாக்டர் பட்டையைக் கையில் எடுத்தார். கோடுகளைப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்க யாரும் வேண்டியதில்லை. மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை," என்றார். "போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்... இல்லை, போன வாரச் செவ்வாய்."

"நீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"அவ வர்றதுக்குள்ள தொட்டி பளிச்சுனு இருக்கட்டும்னு நினைச்சேன். டப்பாவைத் திறந்தா ஒரே கறுப்புச் சேறு. நாத்தம். இந்த அழுக்குலதான் என் பொண்ணு மீன் வளர்க்குதான்னு ஆயிடுச்சு எனக்கு. கீழ எடுத்துட்டுப் போய், ஸ்பாஞ்சு, டப்பாவுக்குள்ள இருந்த கல்லு, வளையம் எல்லாத்தையும் பொட்டலம் கட்டி ஆவிப் பெட்டியில போட்டேன். ரெண்டு தடவை."

"கோடு கறுத்துச்சா?" என்றார் அக்கா.

"நல்லா கறுத்துச்சு."

"அப்ப ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

அக்கா அதட்டவில்லை. குமிழி என்னிடம் சொன்னதை, நான் அக்காவிடம் சொன்னதை, அப்படியே டாக்டரிடம் சொன்னார். அந்தச் சேற்றில் குடியிருந்ததுதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரை நல்லதாக வைத்திருந்தது. அது செத்தபிறகு தண்ணீர் தெளிவாக இருந்தது, நல்லதாக இல்லை. டாக்டரம்மாவின் ரொட்டித் தூளைச் செரித்ததும் அதுதான். செவ்வாய்க்கிழமை அவித்தார், வெள்ளிக்கிழமை முதல் மீன் மிதந்தது.

"கிருமியைக் கொல்றதுதான் என் தொழிலு," என்றார் டாக்டர். "நல்ல கிருமின்னு ஒண்ணு இருக்குங்கறதே எனக்கு மறந்து போச்சு. படிச்சிருக்கேன். தெரியாதுன்னு சொல்ல முடியாது." தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். "ஊருக்குப் போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அப்பா, நீங்க எதையும் தொடாதீங்க, அந்த அண்ணன் பார்த்துப்பாருன்னு."

"முதல் மீன் செத்தப்ப உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு," என்றார் அவர். "அதான் பில்லை உடனே டைப் பண்ணேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என்னை விட அவர் சீக்கிரம் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கம் கையசைத்தார். குமிழி வாசலைத் தாண்டலாமா என்று தயங்கி, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தான். அவனிடம் யாரும் விளக்கவில்லை. மேசையில் இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அழுதுவிடுவான் போல இருந்தது, வண்டிக்காக அல்ல.

"சார், இதை வளர்க்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு," என்றான்.

டாக்டர் பில்லை வாங்கி நாலாகக் கிழித்தார். முன்பு எழுதி வாங்கிய பொறுப்புத் தாளையும் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கிழித்தார். "மன்னிச்சுடுன்னு சொன்னா போதாது. மிச்சத்தைக் காப்பாத்த முடியுமா?"

குமிழி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டான். பாதித் தண்ணீரை உடனே மாற்ற வேண்டும். இரண்டு நாள் தீனி கூடாது, ரொட்டித் தூள் கூடவே கூடாது. டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவன் வண்ணமீன் கடைக்கு ஓடி, அங்கே ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தான். கறுப்பாக, கொழகொழவென்று, சாக்கடையை மடித்து வைத்த மாதிரி.

"இதுதான் மருந்து சார். காய விடக் கூடாது. பிடிங்க."

டாக்டர் கையுறையைத் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்தினார். வெறும் கையில் அந்தச் சேற்றை வாங்கிக்கொண்டு, குமிழி டப்பாவைத் திறக்கிற வரைக்கும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கறுப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஒழுகியது. துடைக்கவில்லை.

*

படியில் இறங்கும்போது அக்கா முன்னால் போனார். நான் நடுப்படியில் நின்றுவிட்டேன்.

"அக்கா. மாடித் தொட்டி ஆளை இன்னும் பார்க்கலை நீங்க."

"பார்த்துட்டுத்தானே இருக்கேன் காலையிலேர்ந்து."

படியிலேயே உட்கார்ந்தேன். "எப்படித் தெரியும்?"

"மீன் பேரையெல்லாம் நொண்டி நொண்டிப் படிச்சே. விலாசம் வந்ததும் ஒரே மூச்சுல படிச்சே. மூணு வருஷத்துல நீ ஒரு வரியைத் தடுக்காம படிச்சு நான் கேட்டதில்லை. படிக்கலை நீ. தெரிஞ்சதைச் சொன்னே."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்றியான்னு பார்த்தேன். ஒரு மணி வரைக்கும் நீ தாங்குவேன்னு நினைக்கலை."

"ஒரு தடவைதான்க்கா வடிச்சேன். ரெண்டுக்கும் காசு வாங்கினேன். பத்தொன்பதையும் நான்தான் கொன்னேன்னு..."

"நீ கழுவினது திங்கக்கிழமைன்னு அந்தம்மா சொன்னாங்க. குமிழி அந்தத் தண்ணியை மாத்தினது அதுக்கப்புறம் வந்த ஞாயிறு, அதுவும் சொட்டு மருந்து போட்டு. மறு செவ்வாய் டாக்டர் டப்பாவைத் திறக்கிற வரைக்கும் ஒரு மீன் சாகலை. மீன் கணக்குல உன் பேர் இல்லை."

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பாதி தூரம்தான் இறங்கியது. அக்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனுக்குச் சொட்டு மருந்து விட ஆள் இருந்தாங்க, ஏணி. அந்தம்மா மூணு நாள் அந்தத் தண்ணியைத்தானே குடிச்சாங்க. அவங்களுக்கு யார் சொட்டு விட்டாங்க?"

நான் எழுந்தேன். கீழே போய்க் குமிழியின் வண்டியில் கட்டியிருந்த என் ஏணியை அவிழ்த்தேன். மறுபடி மேலே போனேன். டாக்டரம்மா கதவைத் திறந்தபோது தொப்பியைக் கழற்றினேன்.

"ஓ," என்றார் அவர். "மாடித் தொட்டி."

"ஆமாம்மா. ஒரு தடவை பாக்கி இருக்கு."

குமிழி மீன் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, மாடித் தொட்டியின் வடிகுழாயைத் திறந்துவிட்டேன். தொட்டி காலியாக முக்கால் மணி நேரம் ஆனது. அடிமட்டம் வரைக்கும் இறங்கித் துணியால் துடைத்தேன். மூலையில் வெள்ளைப் பொடி இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது, என் கைவரிசை. அதையும் வழித்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி ஒரு தடவை வடித்தேன். நான் பேசியதற்கு மேல் ஒன்று. முதுகு அதே முதுகுதான், வெயிலும் அதே வெயில்தான்.

இறங்கி வந்தபோது குமிழி தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் டாக்டரும் மண்டியிட்டிருந்தார். சப்பி மூலையை விட்டு நகர்ந்து கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருந்தது. மற்ற நாலும் இன்னும் மேலேதான்.

"பொண்ணுகிட்ட யார் சொல்றது?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்," என்றார் டாக்டர், திரும்பாமல்.

டாக்டரம்மா வாசல் வரைக்கும் வந்தார். கையில் முந்நூறு இருந்தது. வெயிலில் இவ்வளவு நேரம் நின்றீர்களே, சும்மா போகக் கூடாது என்றார்.

"இதுக்கு அப்பவே வாங்கிட்டேம்மா," என்றேன்.

ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கடைவாயில் பல் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது.